வேலையை விட்டுவிட்டு நெட்வொர்க்கிங் படிக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 31. மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து, ஓசூரில் ஓர் ஆட்டோ உதிரிபாகத் தொழிற்சாலையில் 4 ஆண்டுகளாகத் தர ஆய்வாளராக இருக்கிறேன். கைக்கு 26,000 ரூபாய் வருகிறது. நகைக்கடன் வட்டி உட்பட மாதச் செலவு 22,000. வங்கியில் 1,90,000 இருக்கிறது. கணினிகளை ஒன்றோடொன்று இணைத்துப் பராமரிக்கும் நெட்வொர்க்கிங் துறைக்கு மாற ஆசை. ஒரு பயிற்சி மையத்தில் சிஸ்கோ நிறுவனச் சான்றிதழ்களான சிசிஎன்ஏ (ஆரம்பநிலை), சிசிஎன்பி (அடுத்த நிலை), அதோடு ஃபயர்வால், கிளவுட் எல்லாம் சேர்த்து 6 மாத முழுநேர வகுப்புக்கு 1,10,000 கேட்கிறார்கள். 'வட்டியில்லா' இஎம்ஐ உண்டு, வேலைக்கு உத்தரவாதம் என்கிறார்கள். அங்கேயே சிசிஎன்ஏ மட்டும் மாலை வகுப்பில் படித்தால் 18,000. நண்பர் ஒருவர் நெட்வொர்க் பிளஸ் என்ற வேறு சான்றிதழே போதும் என்கிறார். பிஎஃப் பணத்தை எடுத்துக்கொண்டு முழுநேரம் படிக்கலாமா சார்?
- ஒரு வாசகர், ஓசூர்

பதில்: வேலையை விடாதீர்கள். சிசிஎன்ஏ ஒன்றை மட்டும் மாலை வகுப்பில் படியுங்கள். ஏன் என்று உங்கள் கணக்கை வைத்தே சொல்கிறேன்.

வேலையை விட்டால் 6 மாதக் குடும்பச் செலவு 1,32,000. வகுப்புக் கட்டணம் 1,10,000. மொத்தம் 2,42,000. உங்களிடம் இருப்பது 1,90,000. படிப்பு முடிகிற அன்றே 52,000 துண்டு விழும். வேலை தேடும் மாதங்கள் அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கும். பிஎஃப் யோசனை இந்த இடத்தில்தான் வந்திருக்க வேண்டும். தொடர் பணி 5 ஆண்டு நிறைவதற்கு முன் எடுத்தால் அந்தப் பணத்துக்கு வரி உண்டு. அதைத் தொடாமல் அடுத்த வேலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

அடுத்து அந்த 1,10,000-க்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். சிசிஎன்ஏ தேர்வுக்கு சிஸ்கோ வாங்குவது 300 டாலர். 18% ஜிஎஸ்டியோடு 354 டாலர். 32,000 ரூபாய் ஒதுக்கி வையுங்கள். கார்டில் டாலர் கணக்கில் பிடித்தால் வங்கியும் கொஞ்சம் சேர்த்து எடுக்கும். சிசிஎன்பிக்கு இரண்டு தேர்வு: ஒன்று 400 டாலர், இன்னொன்று 300 டாலர், வரி தனி. மையம் சொல்லும் தொகையில் இந்தத் தேர்வுக் கட்டணங்கள் அடங்குமா என்று எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் 'பயிற்சி மட்டும்' என்றுதான் பதில் வரும். ஒரு நாள்கூட நெட்வொர்க் வேலை பார்க்காதவரின் பயோடேட்டாவில் சிசிஎன்பி இருந்தால், நேர்முகத்தில் அந்த அளவுக்கே கேள்வி கேட்பார்கள். அனுபவமில்லாமல் அதைத் தாக்குப்பிடிப்பது கஷ்டம்.

'வட்டியில்லா' இஎம்ஐ பற்றியும் சொல்லிவிடுகிறேன். சில்லறைக் கடனில் பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. வட்டி ஏதோ ஓர் இடத்தில் ஒளிந்திருக்கும். "மொத்தமாக ரொக்கம் கட்டினால் எவ்வளவு?" என்று கேளுங்கள். 95,000 என்றால், மீதி 15,000தான் அந்த வட்டி. அதோடு, கடன் கொடுப்பது பெரும்பாலும் ஒரு நிதி நிறுவனம். ஒப்பந்தத்தில் இருப்பது உங்கள் பெயர். வகுப்பு நின்றுபோனாலும், சொன்ன வேலை கிடைக்காவிட்டாலும் இஎம்ஐ உங்கள் கணக்கிலிருந்து போய்க்கொண்டுதான் இருக்கும்.

சான்றிதழ் விஷயத்துக்கு வருவோம். காம்ப்டியா என்ற அமைப்பின் நெட்வொர்க் பிளஸ் நல்ல சான்றிதழ்தான். எந்த நிறுவனத்தின் கருவியையும் சாராமல் அடிப்படையைச் சோதிக்கும். அமெரிக்கப் பாதுகாப்புத் துறை ஏற்கும் சான்றிதழ்களில் அதுவும் ஒன்று என்பதால் அங்கே அதற்கு மதிப்பு அதிகம். நீங்கள் வேலை தேடப்போவது ஓசூர், பெங்களூரு, சென்னையில். இங்கே ஆரம்பநிலை நெட்வொர்க் வேலை விளம்பரங்களைப் பாருங்கள், சிசிஎன்ஏ என்றுதான் கேட்பார்கள். ஜூனிபர் நிறுவனத்தின் ஆரம்பநிலைச் சான்றிதழான ஜேஎன்சிஐஏ 200 டாலர்தான், ஆனால் அதைக் கேட்கும் இடங்கள் குறைவு. சிசிஎன்ஏவுக்கும் கீழ்நிலையான சிஸ்கோவின் சிசிஎஸ்டி 125 டாலர். பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு அது சரி. குடும்பத்தோடு துறை மாறுகிறவர் அதில் பணம் போட வேண்டாம். சிசிஎன்ஏ எழுத முன்தகுதி எதுவும் தேவையில்லை, உங்கள் மெக்கானிக்கல் டிப்ளமோ தடையாகாது.

18,000 கட்டுவதற்கு முன் ஒரு மாதம் காசில்லாமல் முயன்று பாருங்கள். சிஸ்கோ நெட்வொர்க்கிங் அகாடமி இணையதளத்தில் பதிவு செய்தால், நெட்வொர்க்கைத் திரையிலேயே அமைத்துப் பழகும் பாக்கெட் டிரேசர் மென்பொருள் இலவசம். அதில் ஒரு சுவிட்ச், ஒரு ரவுட்டர், நாலு கணினி வையுங்கள். சுவிட்சை வீலான் 10, வீலான் 20 என்று இரண்டு தனி நெட்வொர்க்காகப் பிரித்து, ஒன்றிலிருந்து மற்றதற்குப் பிங் (தொடர்பைச் சோதிக்கும் செய்தி) போகும்படி செய்யுங்கள். 192.168.10.0/26 என்ற முகவரித் தொகுதியில் எத்தனை கருவிகளுக்கு முகவரி தரலாம் என்று காகிதத்தில் போட்டு 62 வருகிறதா பாருங்கள். பிங் போகாத இரவில் எரிச்சல் வந்தாலும் காரணம் தெரியாமல் தூக்கம் வரவில்லை என்றால், பணத்தைக் கட்டலாம். அந்த ஆர்வம் வரவில்லை என்றால் உங்களுக்கு நஷ்டம் ஒரு ரூபாய்கூட இல்லை.

இப்போது பட்ஜெட். 1,90,000-ல் 6 மாதச் செலவான 1,32,000-ஐத் தனியாக வங்கியில் ஃபிக்ஸட் டெபாசிட்டில் போட்டுவிடுங்கள். மீதி 58,000. வகுப்பு 18,000, தேர்வு 32,000, ஆக 50,000. இதற்குள் அடங்குகிறது. தேர்வில் தவறினால் 5 நாள் கழித்து மீண்டும் எழுதலாம், ஆனால் முழுக் கட்டணத்தையும் மறுபடி கட்ட வேண்டும். மாதம் மிச்சமாகும் 4,000-ஐ 8 மாதம் சேர்த்தால் அந்த 32,000 தயார். அதுவரை தேர்வுத் தேதி போடாதீர்கள். சான்றிதழ் 3 ஆண்டுதான் செல்லும், அவசரப்பட்டு எழுதி வைப்பதில் பலனில்லை. நகைக்கடன் தவணைத் தேதியை மட்டும் இடையில் மறந்துவிடாதீர்கள்.

இந்த 8 மாதத்தில் பணச் செலவில்லாத ஒரு வேலையும் இருக்கிறது. உங்கள் தொழிற்சாலையிலேயே ஐடி பிரிவு இருக்கும். ஷிஃப்ட் முடிந்து அவர்களிடம் போய், கேபிள் முனையில் கனெக்டர் பொருத்தவும் (கிரிம்ப்), கருவிகள் வைக்கும் ரேக்கில் ஒயர் ஒழுங்குபடுத்தவும் உதவ வாய்ப்புக் கேளுங்கள். மேலாளரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு செய்யுங்கள். 'தொழிற்சாலை நெட்வொர்க் பராமரிப்பில் உதவியவர்' என்ற ஒரு வரி, கிளவுட் வகுப்புச் சான்றிதழைவிட நேர்முகத்தில் அதிகம் பேசும். இயந்திரங்கள் நெட்வொர்க்கில் இணைந்திருக்கும் இடங்களில் உங்கள் 4 ஆண்டு தொழிற்சாலை அனுபவத்துக்கும் விலை உண்டு.

முதல் சம்பளம் 26,000-க்குக் கீழேயும் இருக்கலாம், இரவு ஷிஃப்டும் வரலாம். வீட்டில் இதை இப்போதே பேசுங்கள். ஓசூரிலிருந்து பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டிக்குப் பேருந்திலேயே போய்வரலாம் என்பது உங்களுக்குப் பெரிய சாதகம். சென்னையில் 25,000-க்கு வேலை கிடைத்து வாடகையும் அட்வான்ஸும் கட்டுவதைவிட, எலக்ட்ரானிக் சிட்டியில் 22,000-க்குப் போனால் கையில் அதிகம் நிற்கும். ஆஃபர் லெட்டர் கையில் வந்த பிறகுதான் இப்போதைய வேலைக்கு ராஜினாமா கடிதம் கொடுங்கள்.