கருப்பட்டியும் வேண்டாம், சகோதரி

மகளுக்குப் பிறவியிலேயே பிரக்டோஸ் என்ற பழச்சர்க்கரை ஒத்துக்கொள்ளாது என்று மருத்துவர் சொன்ன பிறகும், "வெள்ளைச் சர்க்கரைதானே கெடுதல்" என்று மாமியார் கருப்பட்டிப் பால் கொடுப்பதாக எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து இன்றே நிறுத்துங்கள். கருப்பட்டி, வெல்லம், தேன் எல்லாமே உடலுக்குள் பிரக்டோஸைத்தான் தரும். அதைச் சிதைக்கும் ஆல்டோலேஸ் பி நொதி குறைந்த குழந்தைக்குக் கல்லீரலும் சிறுநீரகமும் கெடும்.

சோறு, இனிப்பில்லாத பால், தயிர், முட்டை, மீன் கொடுக்கலாம். மிளகு, சீரகம் தட்டிப்போட்ட நெய்ச்சோறு என் மகனுக்கு உயிர். சாம்பாரில்தான் ஏமாந்துவிடுவோம்: வெங்காயம், தக்காளி மட்டுமல்ல, புளியிலும் பிரக்டோஸ் உண்டு. இருமல் மருந்து வாங்கினால், சர்க்கரையும், உடலில் பிரக்டோஸாக மாறும் சார்பிட்டால் என்ற இனிப்பூட்டியும் இல்லாததாகக் கேட்டு வாங்குங்கள். பழம் இல்லாததால் வைட்டமின் சி மாத்திரை தேவையா என்றும் மருத்துவரிடம் கேளுங்கள்.