பழைய உலோகக் கிளாரினெட்டுகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: பழம்பெட்டியில் கிடைத்த வெள்ளி நிறக் கருவி கிளாரினெட்டா, சோப்ரானோ சாக்ஸஃபோனா?

பதில்: குழல் ஏறக்குறைய ஒரே பருமனாக, சுமார் 15 மில்லிமீட்டர் உள்விட்டத்துடன் இறங்கி, அடியில் மட்டும் விரிந்தால் அது கிளாரினெட்; தொடக்கத்திலிருந்தே கூம்பாக அகன்றுகொண்டே சென்றால் சாக்ஸஃபோன். ஊதிப் பார்த்தும் அறியலாம்: கட்டைவிரலுக்குரிய ரெஜிஸ்டர் சாவியை அழுத்தினால் கிளாரினெட்டின் ஒலி பன்னிரண்டாம் சுரத்துக்குத் தாவும், சாக்ஸஃபோனின் ஒலி மேல் ஸ்தாயியின் அதே சுரத்துக்குச் செல்லும்.

கேள்வி: அடிவாயில், அதாவது விரிந்த கீழ்முனையில், பொறித்துள்ள பெயரைத் தேடினால் எதுவும் கிடைக்கவில்லையே?

பதில்: அது தயாரித்தவரின் பெயராக இல்லாமல் இருக்கலாம். 1920, 1930களில் பள்ளி இசைக்குழுக்களின் தேவைக்காக அமெரிக்காவில் உலோகக் கிளாரினெட்டுகள் பெருமளவில் செய்யப்பட்டபோது, தயாரிப்பாளர்கள் பலர் விற்பனையாளர் கேட்ட பெயரையே பொறித்துக் கொடுத்தார்கள். ஆகவே சாவிகளின் வடிவத்தையும், அவற்றைத் தாங்கும் சிறு தூண்களையும், ஊதுமுனைக்கு அடுத்துள்ள குட்டைத் துண்டான பேரலின் அமைப்பையும், எல்கார்ட் நகரின் கான், பெட்லர், கிளீவ்லாந்தின் எச்.என். வைட், பாஸ்டனின் கண்டி-பெட்டனி ஆகிய அமெரிக்க நிறுவனங்களின் கருவிகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வரிசை எண் பயன்படுவது தயாரிப்பாளர் யாரென்று உறுதியான பிறகுதான்.

கேள்வி: என்னுடையது உண்மையான வெள்ளியா?

பதில்: பெரும்பாலும் இல்லை. செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்த நிக்கல் சில்வரில் பெயரைத் தவிர வெள்ளியே கிடையாது. அதன்மீது வெள்ளி முலாம் இருந்தால் அது காலப்போக்கில் கறுக்கும். வைட் நிறுவனத்தின் சில்வர் கிங் போன்ற சில உயர்தரக் கருவிகளில் அடிவாய் மட்டும் ஸ்டெர்லிங் வெள்ளியாகவே இருந்ததுண்டு. கறுப்பை நீக்கச் சுரண்டும் பொடியால் தேய்க்காதீர்கள். மெல்லிய முலாமும் அடையாளம் காண உதவும் பொறிப்பும் சேர்ந்தே அழிந்துபோகும்.

கேள்வி: எச்.பி., எல்.பி. என்ற குறிகள் எதைச் சொல்கின்றன? என் கருவி எவரோடும் சுருதி சேரவில்லை.

பதில்: வாங்குமுன் முதலில் தேட வேண்டிய குறி இதுதான். எல்.பி. என்பது ஏ சுரத்தை 440 ஹெர்ட்ஸ் அளவில் வைக்கும் தாழ்ந்த சுருதி; எச்.பி. அதை 450 ஹெர்ட்ஸுக்கு மேல் வைக்கும், வழக்கொழிந்த உயர்ந்த சுருதி. பேரலை வெளியே இழுத்தால் சரியாகாதா என்று பலர் கேட்கிறார்கள். இழுக்கும்போது குழல் நீளும், ஆனால் துளைகளுக்கிடையிலான தொலைவு மாறாது; அதனால் பேரலுக்கு அருகிலுள்ள துளைகளின் சுரங்கள் அதிகமாகவும் கீழ்த்துளைகளின் சுரங்கள் குறைவாகவும் தாழ்ந்து, கருவி தனக்குள்ளேயே அபஸ்வரமாகும். குறி இல்லாவிட்டால் அளந்து பாருங்கள்: மவுத்பீஸ் (ஊதுமுனை) உட்பட ஏறக்குறைய 66 சென்டிமீட்டர் இருப்பது இன்றைய பி-ஃபிளாட் கிளாரினெட்டின் அளவு, அதைவிட இரண்டு சென்டிமீட்டர் போலக் குறைந்தால் எச்.பி. என்று ஐயுறலாம்.

கேள்வி: உலோகக் கிளாரினெட் என்றாலே மட்டம் என்கிறார்களே?

பதில்: இதை நான் ஏற்கவில்லை. ஒலியின் தன்மையை முடிவு செய்வதில் குழல் எதனால் ஆனது என்பதைவிட உள்துளையின் வடிவமும் துளைகளின் இடமும் அளவும் மிக முக்கியமானவை. மலிவாகச் செய்யப்பட்டு, மாணவர் கைகளில் அடிபட்டு, துளைகளை மூடும் மெத்தைகளான பேடுகள் காற்றுக் கசியும் நிலையில் நம்மிடம் வந்து சேர்ந்த கருவிகளால் ஏற்பட்ட பெயர் அது. கண்டி-பெட்டனியின் சில்வா-பெட் கிளாரினெட்டும், இரட்டைச் சுவருடன் ஹெய்ன்ஸ் நிறுவனம் செய்த கிளாரினெட்டும் தேர்ந்த கலைஞர்களுக்காகவே உருவானவை. தீர்ப்புச் சொல்லுமுன் குழலின் கீழ்முனையைத் தக்கையால் அடைத்து, துளைகளை விரல்களால் மூடி, அடிப்பகுதிச் சாவிகளையும் அழுத்திக்கொண்டு, மேல்முனையில் உறிஞ்சிப் பாருங்கள். இழுவிசை உடனே தளர்ந்தால் பழுது பேடுகளில் இருக்கிறது, அவற்றை மாற்றிய பிறகே அக்கருவியின் உண்மையான குரலைக் கேட்க முடியும்.