இன்சிடென்ட் ரிஜிஸ்டர் காலியாக இருக்கிறது, கணக்கை எங்கே தேடுவது?

கேள்வி: மன்னார்குடி பக்கம் 40 படுக்கை உள்ள தனியார் மருத்துவமனையில் நர்சிங் பொறுப்பாளராக இருக்கிறேன். மருத்துவமனைகளின் தரத்தைப் பார்த்துச் சான்று தரும் என்.ஏ.பி.எச். அமைப்பின் ஆரம்பநிலைச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கப் போகிறோம். தவறோ விபத்தோ நடந்தால் எழுதி வைக்கும் எங்கள் இன்சிடென்ட் ரிஜிஸ்டரில் போன வருடம் முழுக்க மூன்றே பதிவுகள். மூன்றுமே நோயாளி வழுக்கி விழுந்தது. ஒரு சிஸ்டர் அப்படி எழுதியதற்கு அவர் சம்பளத்தில் பிடித்தம் செய்தார்கள். அதிலிருந்து யாரும் எழுதுவதில்லை. "நம்ம ஆஸ்பத்திரியில தப்பே நடக்கல" என்கிறார் எங்கள் பெரிய டாக்டர். கன்சல்டன்ட் ஒருவர் வந்து, ஆறு மாதக் கணக்கைத் தானே எழுதித் தருகிறேன், கூடவே ஒரு சாஃப்ட்வேரும் வாங்குங்கள் என்கிறார். நோயாளி பாதுகாப்புக் கணக்கை உண்மையாகச் சேகரிக்க என்ன வழி?

பதில்: சிஸ்டர், முதல் வேலையாக அந்தக் கன்சல்டன்ட்டை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். டெல்டா முழுக்க இப்படிச் சிலர் சுற்றுகிறார்கள். ஒரு ஊரில் தயாரித்த ஃபைலை அடுத்த ஊரில் அட்டை மாற்றிக் கொடுப்பார்கள். வென்டிலேட்டரே இல்லாத ஒரு மருத்துவமனையில், வென்டிலேட்டரால் வரும் நிமோனியா இத்தனை என்று மாதாமாதம் எண் போட்டு வைத்திருந்ததை நானே பார்த்திருக்கிறேன். பொறுப்பு சிஸ்டரைக் கேட்டால் முழிக்கிறார். கையெழுத்து அவருடையது. நாளைக்கு ஒரு வழக்கு வந்தால் பதில் சொல்ல வேண்டியவரும் அவர்தான், ஃபைல் தயாரித்தவர் இல்லை. ஆறு மாதக் கணக்கை ஒரே வாரத்தில் எழுதித் தருகிறேன் என்பவர் செய்வது மோசடி. அதற்கு வேறு பெயர் கிடையாது.

உங்கள் டாக்டரிடம் ஒரு விஷயத்தை எடுத்துச் சொல்லுங்கள். 2011இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு. மூன்று மருத்துவமனைகளில் 795 கேஸ் ஷீட்டுகளை எடுத்துப் பல முறைகளில் தேடினார்கள். நோயாளிக்கு ஏற்பட்ட பாதிப்புகள் மொத்தம் 393 கிடைத்தன. அவற்றில் ஊழியர்கள் தாமாக எழுதிக் கொடுத்த ரிப்போர்ட்டில் இருந்தவை வெறும் நான்கு. பயிற்சி பெற்றவர்கள் கேஸ் ஷீட்டைப் படித்துக் கண்டுபிடித்தவை 354. நல்ல வசதியும் ஆள்பலமும் இருக்கிற இடத்திலேயே இதுதான் நிலைமை என்றால், உங்கள் ரிஜிஸ்டரில் உள்ள மூன்று பதிவுகள் எதைக் காட்டுகின்றன என்று அவரே யோசிக்கட்டும்.

ஆக, அந்த ஒரு புத்தகத்தை நம்பிப் பயனில்லை. வேண்டிய தகவல் உங்கள் கட்டடத்துக்குள்ளேயே வேறு இடங்களில் கிடக்கிறது, எடுத்துக் கோக்க வேண்டியதுதான்.

பெரிய புதையல் டிஸ்சார்ஜ் ஆன கேஸ் ஷீட்டுகள். மாதம் 20 எடுங்கள். யாரும் பொறுக்கித் தரக் கூடாது. ரெக்கார்ட் ரூம்காரர் நிச்சயமாகக் கூடாது, அவர் சுத்தமாக எழுதியவற்றை மட்டும் எடுத்து வைப்பார். உள்நோயாளிக்குத் தரும் ஐ.பி. நம்பரின் கடைசி இலக்கத்தை வைத்துச் சீட்டுக் குலுக்கி எடுங்கள். அனுபவமுள்ள இரண்டு சிஸ்டர்கள் தனித்தனியாகப் படிக்கட்டும். ஒரு ஷீட்டுக்கு 20 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். வரிக்கு வரி படிக்கத் தேவையில்லை. சில அடையாளங்களை மட்டும் தேடினால் போதும். சர்க்கரை திடீரென்று இறங்கி 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ்) போட்டிருக்கிறதா? ஒவ்வாமைக்குப் போடும் ஏவில், ஹைட்ரோகார்ட்டிசோன், அட்ரினலின் ஊசி போட்டிருக்கிறதா? ஆபரேஷன் ஆனவரை மறுபடி தியேட்டருக்குக் கொண்டுபோனார்களா? வார்டிலிருந்து ஐ.சி.யூ.வுக்கோ தஞ்சாவூருக்கோ அவசரமாக அனுப்பினார்களா? டிஸ்சார்ஜ் ஆகி 30 நாளுக்குள் திரும்ப வந்தாரா? ஏதாவது ஓர் அடையாளம் கிடைத்தால் அங்கே நின்று முன்னும் பின்னும் படியுங்கள். நோயாளிக்குப் பாதிப்பு ஏற்பட்டதா, அது நோயால் வந்ததா, நாம் கொடுத்த சிகிச்சையால் வந்ததா என்று இருவரும் பேசி எழுதுங்கள். கடைசியில் ஒரு டாக்டர் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். உலகத்தில் பல இடங்களில் செய்கிற முறைதான் இது. இரண்டு பேரும் ஒரு பகலும் இருந்தால் முடியும்.

இதில் நம் பக்கத்துக்கு ஒரு விதிவிலக்கு உண்டு. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதைத் தவறாகச் செய்தால் உயிருக்கு ஆபத்து. பாம்புக்கடி. குறுவை அறுப்பும் சம்பா நடவும் மழையும் சேர்ந்து வரும் மாதங்களில் உங்கள் ஊரில் எத்தனை பேர் வருவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். விஷமுறிவு மருந்து ஏற்றும்போது சிலருக்கு ஒவ்வாமை வரும். அது எதிர்பார்த்ததுதான். சில டாக்டர்கள் மருந்து ஏற்றுவதற்கு முன்பே ஏவிலும் ஹைட்ரோகார்ட்டிசோனும் போட்டுவிடுவார்கள். அந்த ஷீட்டுகளை மற்றவற்றோடு கலந்து எண்ணினால், மழைக்காலத்தில் உங்கள் மருத்துவமனை திடீரென்று ஆபத்தான இடமாகிவிட்டது போல ஒரு பொய்க் கணக்கு வரும். அதைவிட மோசம், அட்ரினலின் போட்டாலே கெட்ட பெயர் என்ற எண்ணம் வார்டில் பரவினால், இரவு டியூட்டியில் இருக்கிற சின்னப் பெண் அந்த ஊசியை எடுக்கத் தயங்குவாள். அந்தத் தயக்கத்தில் ஆள் போய்விடுவார். அதனால் பாம்புக்கடி ஷீட்டுகளைத் தனியாக வையுங்கள். அவற்றில் எத்தனை பேருக்கு அட்ரினலின் போட்டோம் என்று எண்ணாதீர்கள். ஒவ்வாமை தெரிந்த நிமிடத்திலிருந்து அட்ரினலின் போட்ட நிமிடம் வரை எவ்வளவு நேரம் ஆனது என்பதை எண்ணுங்கள். ஏவில் போட்டது விஷமுறிவுக்கு முன்பா, பின்பா என்று நேரத்தோடு எழுதச் சொல்லுங்கள். பாட்டிலின் பேட்ச் நம்பரைக் கேஸ் ஷீட்டில் எழுதுவது கட்டாயம் என்று வையுங்கள். ஒரே பேட்ச்சில் பலருக்கு ஒவ்வாமை வந்தால் அதைப் பிடிக்க வேறு வழியில்லை. அப்புறம், 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை அறிவிக்கை செய்ய வேண்டிய நோயாக ஆக்கிவிட்டது. தனியார் மருத்துவமனையும் தகவல் தர வேண்டும். அது வேறு கணக்கு, இதோடு குழப்பாதீர்கள்.

இரண்டாவது இடம் ஷிப்ட் மாறும் நேரம். ஒவ்வொரு ஹேண்ட் ஓவரிலும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "நல்லவேளை தப்பிச்சோம்னு சொல்ற மாதிரி ஏதாவது நடந்துச்சா?" பேனாவைக் கொடுத்தால் எழுதாதவர்கள் வாயால் சொல்வார்கள். நீங்கள் குறித்துக்கொள்ளுங்கள். தேதி, நேரம், இடம், என்ன நடந்தது, நோயாளிக்கு என்ன ஆனது, உடனே என்ன செய்தோம். இவ்வளவு போதும், ஊழியர் பெயர் வேண்டாம். இன்சுலினையே எடுத்துக்கொள்ளுங்கள். நம் கடைகளில் 40 யூனிட் பாட்டிலும் கிடைக்கிறது, 100 யூனிட்டும் கிடைக்கிறது. சிவப்பு மூடி சிரிஞ்ச் 40க்கு, ஆரஞ்சு மூடி 100க்கு. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 10 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 25 யூனிட். யாரோ ஒருவர் கடைசி நொடியில் கவனித்து நிறுத்தியிருப்பார். அந்த ஒரு தகவல் வந்தால் இரண்டு வகையையும் ஒரே தட்டில் வைக்காமல் பிரித்துவிடலாம்.

சம்பளப் பிடித்தம் நிற்க வேண்டும். வாய்மொழியாகச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். தாமாக முன்வந்து சொன்னவருக்கு எந்தத் தண்டனையும் இல்லை என்று டாக்டர் கையெழுத்துப் போட்ட சுற்றறிக்கை ஒவ்வொரு நர்சிங் ஸ்டேஷனிலும் ஒட்டப்பட வேண்டும். முடிந்தால் பிடித்த பணத்தை அந்தச் சிஸ்டரிடம் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள். பத்து கூட்டம் போட்டு வராத நம்பிக்கை அதில் வரும்.

எழுதினால் கோர்ட்டுக்குப் போகுமே என்று டாக்டர் கேட்பார். அமெரிக்காவில் இத்தகைய ரிப்போர்ட்டுகளுக்குப் பாதுகாப்பு தரும் சட்டம் 2005இலேயே வந்துவிட்டது. இங்கே அப்படி ஒரு தனிச் சட்டம் கொண்டுவர யாருக்கும் மனமில்லை. பாதுகாப்பும் தராமல், ஏன் எழுதவில்லை என்றும் கேட்கிறார்கள். இது எனக்கு உண்மையிலேயே ஆத்திரமூட்டுகிற விஷயம். இப்போதைக்கு நீங்கள் செய்யக்கூடியது: நோட்டில் நடந்ததை மட்டும் எழுதுங்கள், அபிப்பிராயமும் குற்றச்சாட்டும் வேண்டாம். நோயாளிக்கு நேர்ந்தது கேஸ் ஷீட்டில் கட்டாயம் இருக்க வேண்டும். பின்னால் போய் அதைத் திருத்தவே கூடாது. நோயாளி நகல் கேட்டால் 72 மணி நேரத்தில் கொடுக்க வேண்டும் என்பது விதி. திருத்திய ஷீட்தான் கோர்ட்டில் உங்களைக் கவிழ்க்கும்.

மூன்றாவது, நோயாளியின் கூட இருப்பவர்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்திருக்கும் அம்மாவுக்குத் தெரியாதது வார்டில் ஒன்றுமில்லை. டிரிப்ஸ் எப்போது தீர்ந்தது, கூப்பிட்டு எவ்வளவு நேரம் கழித்து ஆள் வந்தது எல்லாம் தெரியும். டிஸ்சார்ஜ் அன்று கேளுங்கள்: "இங்க இருந்தப்ப பயப்படுற மாதிரி ஏதாவது நடந்துச்சா?" பில் கவுண்டரில் வைத்துக் கேட்காதீர்கள். அங்கே யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள்.

ஆபரேஷன் காயத்தில் சீழ் பிடிப்பதை மருத்துவமனைக்குள் மட்டும் பார்த்தால் எப்போதும் பூஜ்யம்தான் வரும். சிசேரியன் ஆன பெண் நாலைந்து நாளில் திருத்துறைப்பூண்டி பக்கம் அம்மா வீட்டுக்குப் போயிருப்பாள். காயம் அங்கே பிரியும், உள்ளூர் கிளினிக்கில் கட்டுப் போடுவார்கள், உங்களுக்குத் தெரியவே தெரியாது. அதனால் 30 நாள் முடியும்போது ஒரு போன் செய்யுங்கள். கை கழுவுவதைப் பார்த்து எண்ணுவதும் வேண்டும்தான், ஆனால் பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் எல்லோரும் கழுவுவார்கள். அந்த எண்ணை அப்படியே நம்பாதீர்கள்.

எண்ணியதை எதால் வகுப்பது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். தினமும் இரவு 12 மணிக்கு எத்தனை நோயாளிகள் படுக்கையில் இருக்கிறார்கள், எத்தனை பேருக்கு யூரின் கத்தீட்டர் (சிறுநீர்க் குழாய்) இருக்கிறது என்று இரண்டே எண்களை எழுதுங்கள். தினம் 30 பேர் வீதம் 30 நாளில் 900 நோயாளி நாட்கள். மூன்று பேர் விழுந்தால், ஆயிரம் நாளுக்கு 3.3. கத்தீட்டரால் வந்த தொற்றைக் கத்தீட்டர் நாட்களால் வகுக்க வேண்டும், மொத்த நோயாளிகளால் அல்ல. உங்கள் அளவுள்ள இடத்தில் ஒரு மாதம் ஏறும், ஒரு மாதம் இறங்கும். அதற்காகக் கூட்டம் போட்டுச் சத்தம் போட வேண்டாம். ஆறு மாதமாவது சேர்த்துப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

முதல் சில மாதங்களில் எண்ணிக்கை எகிறும். டாக்டரை இப்போதே தயார்ப்படுத்துங்கள், இல்லாவிட்டால் பயந்து நிறுத்திவிடுவார். இன்ஸ்பெக்ஷனுக்கு வருகிறவர்களில் நல்லவர்களும் இருக்கிறார்கள். ஃபைலின் முதுகில் லேபிள் ஒட்டியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவர்களும் இருக்கிறார்கள். பதிவுகள் கூடினால் மதிப்பெண் குறையும் என்ற பயத்தை இவர்கள்தான் உண்டாக்கி வைத்திருக்கிறார்கள். அரசு மருத்துவமனைகளின் கதை இன்னும் வேதனை. ஒரே தகவலை மூன்று நான்கு படிவங்களில் நிரப்பி மேலே அனுப்புகிறார்கள், ஒரு பதிலும் கீழே வருவதில்லை. தமிழ்நாட்டில் ஒவ்வொரு தாய் இறப்பையும் எடுத்து ஆராய்கிற வழக்கம் தொண்ணூறுகளிலிருந்தே இருக்கிறது, அதனால் பல உயிர்கள் தப்பியிருக்கின்றன. எங்கே தாமதமானது என்று தேடுகிற அந்தக் கூட்டம் சில இடங்களில் திட்டுகிற கூட்டமாக மாறும்போது எனக்கு வயிறு எரிகிறது. உங்கள் மருத்துவமனையில் அப்படி ஆக விடாதீர்கள். மாதம் ஒரு தடவை உட்கார்ந்து, வந்த தகவலில் ஒன்றையாவது சரி செய்து, இன்னார் சொன்னதால் என்று பெயர் போடாமல் "இதை மாற்றியிருக்கிறோம்" என்று வார்டில் எழுதி ஒட்டுங்கள். சொன்னால் ஏதோ நடக்கிறது என்று தெரிந்தால்தான் அடுத்த முறையும் சொல்வார்கள்.

சாஃப்ட்வேர் இப்போது வேண்டாம். 40 படுக்கைக்கு ஒரு நீள நோட்டும் ஒரு எக்செல் ஃபைலும் தாராளம். சான்றிதழுக்கான விண்ணப்பமும் கட்டண விவரமும் என்.ஏ.பி.எச். இணையதளத்தில் இருக்கின்றன, நேரடியாக விண்ணப்பிக்கலாம். மருந்தால் வந்த பாதிப்பைத் தெரிவிக்க அரசின் மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்கு 1800-180-3024 என்ற எண்ணில் பேசினால் போதும். அதற்குக் கட்டணம் கிடையாது. வாங்கித் தருகிறேன், பதிவு செய்து தருகிறேன் என்று யார் வந்தாலும் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள்.