பட்டன் போனுக்கு எந்த சிம்? கேள்விகளும் என் பதில்களும்

தொலைபேசித் துறையில் 33 வருடம் இருந்தேன். கேபிள் ஜாயின்ட்டில் ஆரம்பித்து டவர் பராமரிப்பில் முடித்தேன். கடலூர், நெல்லிக்குப்பம், கொஞ்ச காலம் புதுச்சேரி. ரிடையர் ஆன பிறகு "எந்த சிம் போடலாம்" என்று கேட்காதவர் எங்கள் தெருவில் இல்லை. அதனால்தான் எல்லாரும் ஒரே இடத்தில் கேளுங்கள் என்றேன். எனக்குத் தெரிந்தது டவரும் சிம்மும். எந்த போனில் கேமரா நல்லது என்று கேட்டால் என் பேரனிடம்தான் அனுப்புவேன். கீழே சொல்லும் விலைகள் 2025 ஜனவரி வாக்கில் இருந்தவை. பணம் கட்டும் அன்றைக்கு ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு அக்கா: அம்மாவுக்கு 78 வயது. பத்து வருடப் பழைய பட்டன் போன். மூடி நிற்காமல் ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருக்கிறார். 2ஜியை மூடப் போகிறார்கள், போனை மாற்று என்று கடையில் பயமுறுத்துகிறார்கள். மாற்றணுமா?

அவசரமே இல்லை அக்கா. மூடிக்கொண்டு வருவது 3ஜி. ஏர்டெல் 2020லேயே நாடு முழுக்க 3ஜியை எடுத்துவிட்டது. வோடஃபோன் ஐடியா வட்டம் வட்டமாக, அதாவது ஏறக்குறைய மாநிலம் மாநிலமாக, எடுத்தது. அந்த அலைவரிசையை 4ஜிக்குத் திருப்பிவிட்டார்கள். 2ஜி கதை வேறு. ஏர்டெல், வோடஃபோன் ஐடியா, பிஎஸ்என்எல் மூன்றிலும் அது ஓடுகிறது. ஜியோவில் மட்டும் 2016ல் கடை திறந்த நாளிலிருந்தே 2ஜியும் கிடையாது, 3ஜியும் கிடையாது. 2ஜியை ஒழிக்கணும் என்று சத்தமாகச் சொல்வதும் அவர்கள்தான். அவர்களுக்கு அதில் நஷ்டம் ஏது?

இப்போது அந்த ரப்பர் பேண்டைக் கழற்றுங்கள். பேட்டரியை எடுத்தால் அடியில் ஒரு வெள்ளை ஸ்டிக்கர் இருக்கும், அதில் மாடல் பெயர் இருக்கும். அதைப் படிக்க முடியாவிட்டால் இன்னும் சுலபமான வழி: பக்கத்து வீட்டில் யாரிடமாவது ஜியோ சிம்மை ஐந்து நிமிடம் கடன் வாங்கிப் போடுங்கள். சிக்னல் கோடு எதுவும் வரவில்லை என்றால் அது பழைய போன், 2ஜி சிம்தான் அதற்குச் சோறு. கோடு வந்தால் ஒரு கால் போட்டுப் பாருங்கள். கோடு வந்தும் கால் போகவில்லை என்றால் 4ஜி இருக்கிறது, அதில் பேசும் வோல்ட்டி வசதி இல்லை என்று அர்த்தம். 2014, 2015ல் வாங்கிய நிறைய போன்கள் இந்த ரகம்.

அடுத்து, அம்மா வீட்டில் எங்கே உட்கார்ந்து பேசுவார்? அந்த மூலையில் எந்தக் கம்பெனி எடுக்கிறது? முதலில் போன், அப்புறம் டவர், விலை மூன்றாவதாகத்தான் வரணும். நம் ஆட்கள் தலைகீழாகப் போகிறார்கள்.

மாற்றியே ஆகணும் என்றால் பட்டன் வைத்த 4ஜி போன்கள் இருக்கின்றன. ஜியோ பாரத் 2023ல் 999 ரூபாய்க்கு வந்தது, 28 நாளுக்கு 123 ரூபாய் பிளான். மலிவுதான். ஆனால் அதில் ஜியோ சிம் தவிர வேறு சிம் ஏறாது. அம்மா உட்காரும் மூலையில் ஜியோ எடுக்காவிட்டால் அந்த 999 போச்சு.

முத்தியால்பேட்டை அண்ணன் ஒருவர்: எனக்கு நெட் வேண்டாம், பேசினால் போதும். இருப்பதிலேயே குறைந்தது எது?

தொலைபேசிக் கம்பெனிகளைக் கட்டுப்படுத்தும் ஆணையமான டிராய் 2024 டிசம்பரில் ஒரு உத்தரவு போட்டது: பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள பிளான் ஒன்றாவது எல்லாக் கம்பெனியும் வைத்திருக்கணும், 365 நாள் வரை வேலிடிட்டி கொடுக்கலாம். அடுத்த மாதமே வந்துவிட்டது. ஏர்டெல்லில் 84 நாளுக்கு 469, 365 நாளுக்கு 1849. ஜியோவில் 84 நாளுக்கு 448, 336 நாளுக்கு 1748. கடைக்காரர் தானாக இதை எடுத்துக்காட்ட மாட்டார். "டேட்டா இல்லாத பிளான்" என்று நீங்கள்தான் வாய்விட்டுக் கேட்கணும்.

விலையை நாளால் வகுங்கள், வேறு கணக்கு வேண்டாம். ஏர்டெல்லின் 199 ரூபாய், 28 நாள் பிளான்: நாளுக்கு 7 ரூபாய் சொச்சம். 28 நாள் என்றால் வருடத்துக்கு 12 தடவை இல்லை, 13 தடவை. மொத்தம் 2587 ரூபாய். 1849 பிளானில் நாளுக்கு 5 ரூபாய்தான். மிச்சம் 738. ஆனால் 1849ஐ ஒரே கையில் எடுத்துவைக்க முடிகிறவருக்குத்தான் இந்த மிச்சம். தினக்கூலிக்காரர் 28 நாள் போட்டு அதிகமாகக் கட்டுகிறார். எனக்கு இதில் வயிற்றெரிச்சல் உண்டு.

பிஎஸ்என்எல் சின்னத் தொகையில் கிடைக்கும், 2025 செப்டம்பரில் சொந்தத் தொழில்நுட்பத்தில் 4ஜியும் வந்துவிட்டது. அங்கே விலையைவிட நாளை நன்றாகப் பாருங்கள். தொகை அப்படியே இருக்கும், நாள் சத்தமில்லாமல் குறையும்.

லாஸ்பேட்டை தம்பி: 15,000க்குள் நல்ல 5ஜி போன்?

பேரனிடம் கேள்.

குறிஞ்சிப்பாடி பக்கத்திலிருந்து ஒருவர்: போர்வெல் மோட்டாரை செல்போனில் போடும் ஸ்டார்ட்டர் பெட்டி வைத்திருக்கிறேன். ஜியோ சிம் போட்டேன், வேலை செய்யவில்லை. பெட்டி ரிப்பேரா?

பெட்டியில் கோளாறு இல்லை. நல்ல கேள்வி, இதைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. அந்தப் பெட்டிகளில் பெரும்பாலும் உள்ளே இருப்பது 2ஜி மோடம். ஜியோவில் 2ஜியே இல்லை, அது எதைப் பிடிக்கும்? லைட் சிமிட்டிக்கொண்டே இருக்கும், டவரைத் தேடிக்கொண்டே இருக்கும். ஏர்டெல், வோடஃபோன் ஐடியா, பிஎஸ்என்எல் இந்த மூன்றில் உங்கள் கொல்லையில் எது எடுக்கிறதோ அதைப் போடுங்கள். போர்வெல் பக்கத்தில் நின்று பார்க்கணும். வீட்டுத் திண்ணையில் எடுப்பது கணக்கில்லை.

பெட்டிக்கு நெட் வேண்டாம். இன்கமிங் உயிரோடு இருக்கணும், கரண்டு வந்தது போனது என்று பதில் அனுப்ப எஸ்எம்எஸ் வேண்டும். அதனால் மேலே சொன்ன டேட்டா இல்லாத பிளான், வருடத்துக்கு ஒரே தடவை. என் தம்பி மூன்று மாத பிளான் போட்டுவிட்டு மறந்துபோனான். மல்லாட்டைக்குத் தண்ணீர் கட்ட வேண்டிய ராத்திரியில் வேலிடிட்டி முடிந்தது. எத்தனை தடவை ரிங் விட்டும் மோட்டார் ஓடவில்லை. 11 மணிக்கு டார்ச் அடித்துக்கொண்டு வரப்பில் நடந்து போய்ப் பச்சை பட்டனை அமுக்கினான். கரண்டு இலவசம், கரண்டைப் போடச் சொல்கிற சிம்முக்குத்தான் காசு.

புதுப் பெட்டி வாங்கினால் 4ஜியா என்று கேட்டு வாங்குங்கள். பத்து வருடம் ஓடும் சாமான் அது.

வில்லியனூர்: குறைந்த விலை பிளான் எது சார்?

மேலே படியுங்கள்.

திருப்பாதிரிப்புலியூர் அம்மா: "உங்கள் சிம்மை 4ஜிக்கு மாற்றாவிட்டால் இன்று இரவு கட் ஆகிவிடும்" என்று போன் வந்தது. ஒரு எண்ணை எஸ்எம்எஸ் அனுப்பச் சொன்னார்கள்.

அனுப்பவில்லையே? நல்ல வேளை. அது 20 இலக்க எண்ணாக இருந்திருக்கும். திருடன் கையில் இருக்கும் காலி சிம்மின் எண் அது. நீங்கள் அதைக் கம்பெனிக்கு அனுப்பி "ஆம்" என்று சொன்னதும் உங்கள் சிம் செத்து, அவன் சிம் உங்கள் நம்பரோடு உயிர் பெறும். அப்புறம் பேங்க் ஓடிபி எல்லாம் அவனுக்குத்தான். சிம் மாற்றுவது கடைக்கு நேரில் போய்ச் செய்யும் வேலை. போனில் யார் சொன்னாலும் வைத்துவிடுங்கள். பணம் போய்விட்டால் உடனே 1930, சைபர் குற்றப் புகார் எண்.

நெல்லிக்குப்பத்திலிருந்து ஒரு ஐயா: 2006ல் 999 ரூபாய் கொடுத்து லைஃப்டைம் சிம் எடுத்தேன். அந்த அட்டை இன்னும் பீரோவில் இருக்கிறது. எனக்கு வரும் போனுக்கு நான் ஏன் ரீசார்ஜ் போடணும்?

இதற்குக் கொஞ்சம் பின்னால் போகணும் ஐயா. 2003 மே வரை நமக்கு வந்த போனுக்கும் நாமே காசு கட்டினோம். அப்புறம் கூப்பிடுகிறவர்தான் கட்டுவார் என்று ஆயிற்று. அவர் கம்பெனி உங்கள் கம்பெனிக்கு நிமிடத்துக்கு இவ்வளவு பைசா என்று தரும். ஒரு காலத்தில் 20 பைசா, 2015ல் 14 பைசா. நீங்கள் ஒரு ரூபாய்கூடப் போடாமல் வெறும் இன்கமிங் வைத்திருந்தாலும் உங்களால் கம்பெனிக்கு வரவு இருந்தது. அந்த தைரியத்தில்தான் லைஃப்டைம் விற்றார்கள். 2017 அக்டோபரில் அது 6 பைசா ஆயிற்று. 2021 ஜனவரி 1 முதல் பூஜ்யம். பைசா குறையக் குறைய உங்கள் இன்கமிங் அவர்களுக்குச் செலவாகத் தெரிந்தது. 2018 கடைசியில் "28 நாளுக்கு 35 ரூபாயாவது போடு" என்று ஆரம்பித்து, ஏர்டெல்லில் அந்த 35, 2025 ஜனவரியில் 199ல் நின்றது.

அட்டையின் பின்பக்கப் பொடி எழுத்தைப் பாருங்கள். அந்த 'ஆயுள்' உங்கள் ஆயுள் இல்லை, கம்பெனி லைசென்ஸின் ஆயுள்.

அதே ஐயா: படித்தேன், பூதக்கண்ணாடி வைத்து. விற்க வந்த பையன் "தாத்தா, நீங்க இருக்கிற வரைக்கும்" என்றுதான் சொன்னான். நான் இருக்கிறேனே!

முதலியார்பேட்டையிலிருந்து ஒருவர் குறுக்கே: டவருக்கு டீசல் யார் ஊற்றுவது? 999ஐ 20 வருடத்துக்கு வகுத்தால் நாளுக்கு 14 பைசா. அதில் டீ கூட வராது.

ஐயா: வராதென்று தெரிந்தும் விற்றவன் யார்? நானா?

பண்ருட்டி ஆசிரியை: இரண்டு பேரும் விடுங்கள். லைஃப்டைம் விற்ற கம்பெனியே இருந்தால்தானே வழக்கு. ஏர்செல் 2018 பிப்ரவரியில் திவால் மனு போட்டபோது நம் பக்கம் பாதிப் பேர் கையில் அந்த சிம்தானே.

முதலியார்பேட்டை: அதைத்தான் சொல்கிறேன், சும்மா கொடுத்தால் கம்பெனி நிற்காது.

ஐயா: நான் சும்மா கேட்கவில்லை தம்பி. 999. அப்போது அரை மூட்டை அரிசி.

ஐயா கேட்பதில் தப்பே இல்லை. ஆனால் வழக்குப் போட்டால் பொடி எழுத்து ஜெயிக்கும். உங்களுக்கு உதவுகிற விதி ஒன்றுதான், டிராய் 2013ல் போட்டது. 90 நாள் ஒரு காலும், எஸ்எம்எஸ்ஸும், நெட்டும் இல்லாவிட்டால்தான் நம்பரை எடுக்கலாம். அப்போதும் பேலன்ஸில் 20 ரூபாய் இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு இன்னும் 30 நாள் நீட்டணும். பேலன்ஸும் இல்லாமல் நம்பர் போய்விட்டால், 15 நாளுக்குள் பணம் கட்டி மீட்கலாம். கவனியுங்கள், இது நம்பரைக் காப்பாற்றும் விதி. போன் பேச விடும் விதி இல்லை. 'பிளான்' வேறு, மெயின் பேலன்ஸில் ஏறும் 'டாப்-அப்' வேறு. கடையில் எது என்று சொல்லிப் போடுங்கள்.

இந்தச் சண்டைக்கு நடுவே பதினோரு கேள்வி வரிசையில் நிற்கிறது. ஐயா அட்டையை பீரோவிலேயே வையுங்கள்.

தேவனாம்பட்டினம்: கடலுக்குப் போகும்போது 4ஜி சீக்கிரம் போய்விடுகிறது, பழைய போன் எடுக்கிறது. ஏன்?

பழைய 2ஜி போன் 900 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 2 வாட் வரை கத்தும். 4ஜி போன் 0.2 வாட்தான், பத்தில் ஒரு பங்கு. டவர் சொல்வது உங்களுக்குக் கேட்டாலும் நீங்கள் சொல்வது டவருக்குக் கேட்கணுமே. 2ஜிக்கும் எல்லை உண்டு: டவரிலிருந்து 35 கிலோமீட்டர் தாண்டினால் அலை போய்வரும் நேரக் கணக்கே ஒத்துவராது, எவ்வளவு உயரத் தூக்கிப் பிடித்தாலும் சரி. அதனால் பாலிதீன் கவரில் ஒரு பட்டன் போன், 2ஜி சிம்மோடு, வைத்துக்கொள்ளுங்கள். உயிருக்கு அதை நம்பாதீர்கள். அதற்குப் படகில் வைக்கும் விஎச்எஃப் வயர்லெஸ், சேனல் 16. கரையில் இருப்பவர்கள் கடலோரக் காவல் படையின் 1554 எண்ணை மனப்பாடம் பண்ணிக்கொள்ளணும்.

அரியாங்குப்பம்: மலிவான பிளான்...

நாளால் வகுங்கள். மேலே இருக்கிறது.

பாகூர்: இங்கே வாங்கிய சிம் கடலூரில் ரோமிங்கா?

இல்லை. புதுச்சேரி, காரைக்கால், தமிழ்நாடு எல்லாம் ஒரே வட்டம். மாஹே கேரளாவோடு, ஏனாம் ஆந்திராவோடு.

புதுச்சேரி, சொல்தா குடும்பம் (பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர் குடும்பம்) என்று எழுதியிருக்கிறார்: பாரீசில் மகள் வீட்டுக்கு ஆறு மாதம் போகிறேன். பட்டன் போன்தான். பேங்க் நம்பர் செத்துவிடுமா?

கிளம்பும் முன் 365 நாள் பிளான் போடுங்கள், இன்டர்நேஷனல் ரோமிங்கைத் திறந்துவிட்டுப் போங்கள். பேங்க் ஓடிபி அங்கே வரும். நெட்டை மட்டும் அணைத்து வையுங்கள், இல்லையென்றால் பில்லைப் பார்த்து மயக்கம் வரும். போன்தான் சிக்கல். பிரான்சில் ஆரஞ்ச் கம்பெனி 2026ல் 2ஜியை எடுப்பதாகவும், 2028க்குள் 3ஜியையும் எடுப்பதாகவும் அறிவித்திருக்கிறது. அங்கே உங்கள் பட்டன் போன் வெறும் கடிகாரம் ஆகிவிடலாம். 4ஜி போன் ஒன்றில் இந்த சிம்மைப் போட்டுக் கொண்டுபோங்கள். சிங்கப்பூர் போகிறவர்களுக்கும் இதேதான், அங்கே 2017 ஏப்ரலிலேயே 2ஜி போய்விட்டது.

நெய்வேலி: வேறு கம்பெனிக்கு மாறுவது எப்படி?

ஆங்கிலத்தில் போர்ட் என்று எழுதி, இடம் விட்டு, உங்கள் பத்து இலக்க நம்பர், 1900க்கு எஸ்எம்எஸ். எட்டு எழுத்துக் குறியீடு வரும், நாலு நாள்தான் செல்லும். இப்போதைய கம்பெனியில் 90 நாள் ஆகியிருக்கணும். புது சிம் மாற்றி வாங்கி ஏழு நாள் ஆகாவிட்டால் குறியீடு வராது. மிச்சப் பேலன்ஸ் கூட வராது, பேசித் தீர்த்துவிட்டு மாறுங்கள். அந்தக் குறியீட்டைப் போனில் கேட்பவன் எவனானாலும் திருடன்.

காட்டேரிக்குப்பம்: சார், குறைந்த விலையில்...

வேண்டாம்.

மஞ்சக்குப்பம் அக்கா மறுபடி: எதிர் வீட்டு ஜியோ சிம் போட்டேன், கோடே வரவில்லை. அம்மா உட்காரும் ஜன்னலோரம் ஏர்டெல் நாலு கோடு, சமையலறையில் ஒன்று. பேட்டரி நடுவில் உப்பியிருக்கிறது, அதனால்தான் மூடி நிற்கவில்லை போல.

பேட்டரியை இன்றே மாற்றுங்கள், உப்பின பேட்டரியில் சார்ஜ் போடாதீர்கள். ஸ்டிக்கரில் உள்ள மாடலைச் சொன்னால் கடையில் தருவார்கள். சிம் ஏர்டெல்லே இருக்கட்டும், டேட்டா இல்லாத 84 நாள் பிளான். ரப்பர் பேண்டைத் தூக்கிப் போட அம்மா சம்மதிப்பாரா என்பது எனக்குத் தெரியாது.