நீச்சல் குளத் தண்ணீரால் கண் எரிச்சல்: நஷ்டஈடு கேட்க முடியுமா?

கேள்வி: ஒன்பது வயது மகனைத் தனியார் நீச்சல் குளம் ஒன்றில் கோடைப் பயிற்சிக்குச் சேர்த்தேன். கட்டணம் 4,500 ரூபாய். நான்காம் நாளே கண் சிவந்து, இருமல் வந்து, டாக்டரிடம் ஓட வேண்டியதாயிற்று. அதே பேட்சில் இன்னும் இரண்டு பிள்ளைகளுக்கும் இதே கதை. கேட்டால், “குளோரின் வாடை அடித்தால் தண்ணீர் சுத்தம் என்று அர்த்தம். எதற்கும் நிர்வாகம் பொறுப்பல்ல என்று கையெழுத்தும் போட்டிருக்கிறீர்களே” என்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: அந்தக் கையெழுத்தை நினைத்துப் பயப்படாதீர்கள். காசு வாங்கிக்கொண்டு குளத்தில் இறக்குகிறவருக்குத் தண்ணீரைச் சரியாக வைத்திருக்கும் பொறுப்பு உண்டு. ஒரு வரி அச்சடித்து அதைத் தட்டிக்கழித்துவிட முடியாது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், கவனக்குறைவால் நுகர்வோருக்குக் கெடுதல் நேர்ந்தாலும் அது சேவைக் குறைபாடுதான். மகன் மைனர் என்பதால் பெற்றோராக நீங்களே புகார் கொடுக்கலாம்.

வாடையைப் பற்றி அவர்கள் சொல்வது தவறு. மூக்கைத் துளைக்கும் அந்த நெடி பெரும்பாலும் குளோரின் வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து உண்டாகும் குளோரமைனுடையது. கண்ணையும் தொண்டையையும் எரிக்கிறதும் அதுதான். நன்றாகப் பராமரிக்கும் குளத்தில் பிஹெச், அதாவது தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் அளவு, 7.2 முதல் 7.8 வரை இருக்கும். அது 8ஐத் தாண்டினால் எவ்வளவு குளோரின் கொட்டினாலும் கிருமியைக் கொல்லும் வேகம் வெகுவாகக் குறைந்துவிடும்.

வழக்கின் உயிர் இங்கேதான் இருக்கிறது. ஒழுங்காக நடத்துகிற குளத்தில் பிஹெச், குளோரின் அளவுகளைத் தினமும் பதிவேட்டில் எழுதுவார்கள். மகன் நீந்திய நான்கு நாள் பக்கங்களின் நகலைக் கேட்டு இன்றே கடிதம் எழுதி, ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். தராவிட்டாலும் நஷ்டமில்லை. ஆவணத்தைக் கொண்டுவரச் சொல்ல நுகர்வோர் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு, காட்ட மறுப்பவருக்கு எதிராக முடிவெடுக்கவும் இடம் உண்டு. தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து வைப்பதில் பயனில்லை, குளோரின் அளவு சீக்கிரமே மாறிவிடும். சோதனைக் கிட் ஒன்று வாங்கி, மற்ற இரண்டு பெற்றோரையும் கூட்டிக்கொண்டு குளத்தருகிலேயே பரிசோதித்து, சோதனையில் வரும் நிறத்தைக் கிட்டில் உள்ள நிற அட்டையோடு சேர்த்து வைத்துப் படம் எடுங்கள்.

அப்புறம், டாக்டர் சீட்டு. “கண் சிவப்பு” என்று மட்டும் இருந்தால் எதிர்த்தரப்பு வக்கீல் தூசி, மெட்ராஸ் ஐ என்று ஆரம்பித்துவிடுவார். நீச்சல் குளத்தில் இறங்கிய பிறகு வந்தது என்று நீங்கள் சொன்னதையும் தேதியோடு எழுதித் தரும்படி டாக்டரைக் கேளுங்கள்.

நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கால வரம்பு 2 ஆண்டு. வக்கீல் வைப்பது கட்டாயமில்லை, இந்தத் தொகைக்குப் புகார்க் கட்டணமும் இல்லை. மருத்துவச் செலவு, மீதி நாள்களின் கட்டணம், மன உளைச்சலுக்கு நியாயமான ஒரு தொகை, வழக்குச் செலவு: இவ்வளவு கேளுங்கள், லட்சக்கணக்கில் வேண்டாம். ஆனால் குழந்தைகள் எல்லோரும் ஒரே நேரத்தில் மூச்சுத் திணறியிருந்தால் கதை வேறு. ப்ளீச்சிங் பவுடரும் ஆசிடும் கலந்து குளோரின் வாயு கிளம்பியிருக்கலாம்; அப்படியென்றால் தாமதிக்காமல் போலீசில் புகார் கொடுங்கள்.