கடிகாரக் கேள்வி பதில்: பாலிஷ் போடாதீர்கள்!

கேள்வி: தாத்தா தோட்டத்தில் கிராணியாக இருந்தவர். அவருடைய சாவி கொடுக்கும் கைக்கடிகாரம் இப்போது என்னிடம். அதைப் பார்த்துப் பார்த்தே, கையால் செய்த அரிய கடிகாரங்களைச் சேர்க்கும் ஆசை வந்துவிட்டது. கையில் 20,000 ரிங்கிட் இருக்கிறது. எதை வாங்கலாம்? தாத்தாவின் கடிகாரத்தைப் பாலிஷ் போட்டுப் புதிதாக்கலாமா?
– வாசகர், லங்காப்

பதில்: பாலிஷ் வேண்டவே வேண்டாம். என் அப்பாவின் கடிகாரத்தை ஒரு கடையில் கொடுத்தேன், கேஸின், அதாவது வெளிக்கூட்டின், கூரான விளிம்பெல்லாம் தேய்ந்து, கரைந்த சோப்புக்கட்டி மாதிரி திரும்பி வந்தது. டயலுக்கும் புதுப் பெயிண்ட் அடித்துவிட்டார்கள். அப்பா கையில் நான் பார்த்த கடிகாரம் அது இல்லை, இன்றுவரை மனம் ஆறவில்லை. நீங்கள் உள்ளே சுத்தம் செய்து எண்ணெய் மாற்ற மட்டும் கொடுங்கள், கேஸையும் டயலையும் தொடக்கூடாது என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.

சரி, வாங்கும் விஷயம். உண்மையாகவே ஒரு மனிதர் உட்கார்ந்து கையால் செய்யும் கடிகாரம் இந்தத் தொகைக்குள் வராது. சுவிட்சர்லாந்தின் ஷூ பள்ளத்தாக்கில் கடிகாரக் கலைஞர் ஃபிலிப் டுஃபூர் 2000-ல் வெளியிட்ட ‘சிம்ப்ளிசிட்டி’ கடிகாரம் மொத்தமே 200 சொச்சம்தான். வெளியே பார்த்தால் மூன்று முள், ஒரு வெள்ளை டயல், அவ்வளவுதான். பின்பக்கம் திருப்பிப் பூதக்கண்ணாடி வைத்தால்தான் தெரியும்: ஒவ்வொரு பாகத்தின் விளிம்பையும் சாய்வாக அரத்தால் சீவி மெருகேற்றியிருப்பார். இரண்டு சாய்வுகள் உள்பக்கமாகச் சேரும் மூலையைப் பாருங்கள், சுழலும் இயந்திரக் கருவி அங்கே போனால் மூலை வளைந்துவிடும், கத்திமுனை போல நின்றால் அது கைவேலை. இன்னொன்று, வெள்ளீயத் தகட்டில் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றிய எஃகு. ஒரு கோணத்தில் கண்ணாடி போல மின்னும், கொஞ்சம் சாய்த்தால் கன்னங்கரேல் என்றாகும். இந்த இரண்டையும் கண் பழகும்வரை பணத்தை எடுக்காதீர்கள்.

அதுவரை மனசு கேட்காவிட்டால் நம் நாட்டு ‘மிங்’ நிறுவனத்தின் கடிகாரங்களைப் பாருங்கள். மலேசியரான மிங் தெய்ன் நண்பர்களோடு 2017-ல் தொடங்கியது. தயாரிப்பு சுவிட்சர்லாந்தில், ஒவ்வொரு மாடலும் கொஞ்சம்தான் வரும். 2019-ல் ஜெனிவாவின் பெரிய கடிகார விருது விழாவில் பரிசு வாங்கியது. டுஃபூர் செய்வது போன்ற கைவேலை இல்லை, ஆனால் டயலில் போட்டிருக்கும் உழைப்பு எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

கேள்வி: பேட்டரி கடிகாரமே சரியான நேரம் காட்டுகிறதே, அப்புறம் எதற்கு இவ்வளவு விலை?
– வாசகி, ஊத்தான் மெலிந்தாங்

பதில்: நீங்கள் சொல்வது சரி. பேட்டரி கடிகாரத்துக்குள் இருக்கும் குவார்ட்ஸ் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது, சாவிக் கடிகாரத்தின் சக்கரம் பெரும்பாலும் நொடிக்கு ஐந்திலிருந்து எட்டுமுறை ஆடுகிறது. நேரத்தில் ஜெயிக்கவே முடியாது. 1969 கிறிஸ்துமஸ் அன்று செய்கோ முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்கு விட்ட பிறகு சுவிஸ் பட்டறைகள் வரிசையாக மூடியதும் அதனால்தான். அந்தக் காலத்திலும் இங்கிலாந்தின் கடிகாரக் கலைஞர் ஜார்ஜ் டேனியல்ஸ் கேஸ், டயல், முள் எல்லாம் தன் பட்டறையிலேயே செய்துகொண்டு, சாவியின் விசையைச் சக்கரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விடும் பாகத்தில் உராய்வு குறைவான கோ-ஆக்சியல் முறையையும் கண்டுபிடித்தார். சுவிஸ் நிறுவனமான ஒமேகா அதை 1999-ல் கடிகாரங்களில் வைத்தது. விலை அந்தக் கைக்கும் அந்தப் பிடிவாதத்துக்கும். தெலுக் இந்தானில் 1885-ல் கட்டிய சாய்ந்த கோபுரத்தைக் கடக்கும்போது, கையில் போன் இருந்தும் அண்ணாந்து மணி பார்க்கிறோமே, ஏன்?

கேள்வி: கடிகாரத்தைப் பெட்டியில் பூட்டி வைத்தால் போதுமா?
– வாசகர், பாகான் டத்தோ

பதில்: போதாது. நம் ஊர் ஈரத்தில் தோல் வாரில் பூஞ்சை பிடித்துவிடும். சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு அவ்வப்போது மாற்றுங்கள், வியர்வையைத் துணியால் துடைத்துவிட்டு வையுங்கள். மாதம் ஒருமுறை எடுத்துச் சாவி கொடுத்து ஓடவிடுங்கள். ஸ்பீக்கர் பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள், காந்தம் ஏறினால் தாறுமாறாக ஓடும்.