மகளின் ப்ராஜெக்ட் வீண் போகாது, அம்மா

வணக்கம் அம்மா. மகள் எம்.எஸ்சி. கணிதத்தில் உயர்வரிசை எல்லை மதிப்புக் கணக்குகளைக் கொலோகேஷன் முறையில் தீர்ப்பதை ப்ராஜெக்ட்டாக எடுத்திருக்கிறாள், இதை வைத்து எங்கே வேலை கிடைக்கும் என்று கேட்டீர்கள். தலைப்பே மிரட்டுகிறது என்றும் சொன்னீர்கள். முதலில் அந்த மிரட்டலைப் போக்கிவிடலாம்.

இரண்டு முனையும் சுவரில் பதிந்த உத்திரத்தின் மேல் பாரம் ஏற்றினால் எவ்வளவு வளையும்? அதற்கான சமன்பாடு நான்காம் வரிசை, அதாவது வளைவை நான்கு முறை வகையிட்டால் வரும் நான்காம் வகைக்கெழு அதில் இருக்கும். முனைகளில் உத்திரம் இறங்கவும் கூடாது, சாயவும் கூடாது. ஆக மொத்தம் நான்கு நிபந்தனைகள். இப்படி முனைகளில் நிபந்தனை வைத்துத் தீர்ப்பதுதான் எல்லை மதிப்புக் கணக்கு. விடையை ஒரு பல்லுறுப்புக்கோவையாக வைத்துக்கொண்டு, தேர்ந்தெடுத்த புள்ளிகளில் சமன்பாடு சரியாகப் பொருந்தும்படி கெழுக்களைக் கண்டுபிடிப்பதுதான் கொலோகேஷன்.

எந்தப் புள்ளிகள் என்பதில்தான் வித்தை இருக்கிறது. சம இடைவெளியில் வைத்தால் முனைகளுக்கு அருகே விடை அலைபாயக்கூடும். அதனால் முனைகளில் நெருக்கமாக அமையும் செபிஷேவ் புள்ளிகளை எடுப்பார்கள். அப்போதும் ஒரு தொல்லை உண்டு. நான்காம் வகைக்கெழு என்றால், கணினி எண்களைக் குறிப்பிட்ட இலக்கத்தோடு முழுமையாக்குவதால் வரும் பிழை, புள்ளி எண்ணிக்கையின் எட்டாம் அடுக்கு அளவுக்குப் பெருகலாம். 100 புள்ளி வைத்தால் 1-க்குப் பின்னால் 16 சுழியம். கணினி வழக்கமாகக் காப்பதே சுமார் 16 இலக்கம்தான், விடை முழுவதும் பிழையில் மூழ்கிவிடலாம்! கணினி தரும் விடையை எப்போது நம்பக் கூடாது என்று தெரிந்தவளுக்கு மதிப்பு உண்டு, அம்மா.

என் கவலை வேறு. பலர் விடை முன்பே தெரிந்த சமன்பாட்டை எடுத்து, பிழை அட்டவணை போட்டு முடித்துவிடுகிறார்கள். மகள் அதோடு நிற்க வேண்டாம். இரண்டு தட்டுகளுக்கு நடுவே இருக்கும் திரவத்தைக் கீழிருந்து சூடாக்கினால் எப்போது புரளத் தொடங்கும் என்ற கணக்கு ஆறாம் வரிசை. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த வானியற்பியல் அறிஞர் சுப்பிரமணியன் சந்திரசேகர் தம் 1961-ஆம் ஆண்டு நூலில் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். சூடு திரவத்தைப் புரட்ட எவ்வளவு வலுவாக முயல்கிறது என்பதைக் காட்டுவது ராலே எண்; தட்டுகள் இரண்டும் திடமானவை என்றால் அது சுமார் 1708 ஆகும்போது புரளல் தொடங்கும். மகள் தானே எழுதிய பைத்தான் நிரலில் அந்த எண் வரட்டும். பைத்தானின் சைபை தொகுப்பிலும் மேட்லாப் என்ற கணித மென்பொருளிலும் எல்லை மதிப்புக் கணக்குகளுக்கென உள்ள தயார் நிரல்கள் உள்ளே செய்வதும் கொலோகேஷன்தான்; அவற்றோடு உத்திரக் கணக்கை ஒப்பிட்டும் பார்க்கட்டும்.

சரி, வேலை. கேம்பஸ் இன்டர்வியூவில் இந்தத் தலைப்பைக் கேட்க மாட்டார்கள். இப்படிக் கணினியில் கணக்கிட்டுப் பார்க்கும் சிமுலேஷன் வேலைகளுக்குப் பெரும்பாலும் பொறியியல் பட்டம் கேட்கிறார்கள், எம்.எஸ்சி. மட்டும் வைத்து நேராக நுழைவது கடினம். பொறியியல் மேற்படிப்புக்கான கேட் நுழைவுத் தேர்வு எழுதினால், கணிதம் படித்தவர்களைச் சேர்க்கும் எம்.டெக். படிப்புகள் உண்டு. அறிவியல் பாடங்களுக்கான தேசியத் தகுதித் தேர்வான சிஎஸ்ஐஆர் நெட்டில் ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்துப் பிஎச்.டி. சேர்ந்தால், 2023-இல் உயர்த்திய கணக்குப்படி முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய் வரும். வீட்டு நிலைமை இன்னும் சில வருடப் படிப்பைத் தாங்குமா என்று அவளோடு உட்கார்ந்து மனம் விட்டுப் பேசுங்கள்.

அடுத்த முறை அவளை லேப்டாப்போடு அழைத்து வாருங்கள். அந்த 1708 வருகிறதா என்று நானும் பார்க்க வேண்டும்.